ஒரு தடவைதான் அமுக்கினேன்

நேற்றுக் காலை ஆபீஸில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பம்பு கம்பெனி ஒன்றில் டீலர்களின் ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. தாராபுரத்து டீலர் ஒருவருக்கு ஒரு பம்பு என்று போட்டு மவுஸை அமுக்கினேன். திரையில் அதே ஆர்டர் இரண்டு வரியாக வந்து நின்றது. அந்த மவுஸை வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "டபுள் கிளிக் ஆக ஆரம்பிச்சிருச்சுங் சார். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவுதான். எனக்கோ ஏசி ஓடுகிற அறையில் உள்ளங்கை வேர்த்துவிட்டது. மவுஸின் ஒயரைப் பிடுங்கி, அதை மேஜை டிராயரில் போட்டு மூடிய பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. ஏன் இந்தப் பதற்றம் என்று அவளிடம் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்லலாம். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் கிணத்துக்கடவில் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பஸ் ஸ்டாப்பை ஒட்டிய காம்ப்ளக்ஸில் மாடிப்படிக்குக் கீழே இருந்த நீளமான அறை அது. ஆறு சீட்டு. பொள்ளாச்சியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்திருந்தேன் என்பதால் சொந்தக்காரர்கள் என்னை விஞ்ஞானி ரேஞ்சுக்கு நினைத்திருந்தார்கள். டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் எனக்குத்தான் ஆள் வரும். உள்ளே இருக்கும் பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிட்டு ரொம்ப யோசித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

கடை திறந்த நாளில் உள்ளே அடித்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. சூடான மானிட்டர், புது ஒயர், நான் ஏற்றி வைத்த சாம்பிராணி எல்லாம் கலந்த ஒரு வாசம். அப்போதைய மவுஸ்கள் கைக்கு அடக்கமாகக் கனமாக இருக்கும். அடியில் ரப்பர் உருண்டை ஒன்று உருளும். வாரத்துக்கு ஒரு தடவை அந்த உருண்டையைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் சுற்றிய அழுக்கை நகத்தால் சுரண்ட வேண்டும். அந்த அழுக்கு கறுப்பு நூல் மாதிரி உரிந்து வரும். சொன்னால் அருவருப்பாக இருக்கும், ஆனால் அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த உருண்டையைத் திருடிக்கொண்டு போய் கோலி விளையாடுவார்கள். கடைசியில் உருண்டையின் மூடிக்கு டேப் ஒட்டி வைத்தேன். திருட்டு போனதே தவிர, எதுவும் தானாகக் கெட்டுப்போனதாக ஞாபகம் இல்லை.

கீபோர்டும் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பக்கம் தேங்காய் நார் பறக்கிற காற்று. மாதம் ஒரு முறை கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் நார்த்தூசி, முறுக்குத் துணுக்கு, யாரோ ஒருத்தியின் மூக்குத்தித் திருகாணி என்று என்னென்னவோ விழும். தட்டி முடித்து மறுபடி மாட்டினால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். எழுத்துகள் தேய்ந்து வெறும் வெள்ளைக் கட்டையாக நின்றபோதும் அமுக்கினால் அமுங்கியது, அமுக்காதபோது சும்மா கிடந்தது. ஒரு பொருளிடம் வேறென்ன கேட்க வேண்டும்? சத்தம் மட்டும் ஜாஸ்தி. பக்கத்து டீக்கடைக்காரர் அந்தச் சத்தத்தை வைத்தே, "என்னங், இன்னைக்கு ரெண்டு பேருதானா?" என்று டீ கிளாஸை நீட்டியபடி கேட்பார்.

எப்போது மாறியது என்று தேதி போட்டுச் சொல்ல முடியவில்லை. காந்திபுரத்தில் சாமான் வாங்குகிற கடையில் கேரண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. முதலில் மூணு வருஷம் என்றார்கள், பிறகு ஒரு வருஷம், பிறகு ஆறு மாசம். கடைசியில் ஒரு நாள் கடைக்காரர் மவுஸை அவருடைய கம்ப்யூட்டரில் சொருகி, அம்பு நகர்வதைக் காட்டிவிட்டு, "டெஸ்டிங் கேரண்டி மட்டுந்தானுங். வாசப்படி தாண்டுனா நீங்களாச்சு, அதாச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வாசற்படி தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாரமே வேலை செய்யாத ஒரு மவுஸைத் திருகைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பெரும்பாலும் காலி இடம். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைத் தகடு, அதில் ஒரு ஸ்விட்ச். ஒரு ஓரத்தில் சின்ன இரும்புத் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அது எதற்கென்று ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஒயரும் அதற்குப் போகவில்லை. கையில் எடுக்கிறவனுக்குக் கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் வைத்த இரும்பு அது. ஒரு பொருள் கெட்டுப்போவது வேறு, ஏமாற்றுவதற்கென்றே செய்து அனுப்புவது வேறு. இது எங்கேயோ கொண்டுபோய் விடப்போகிறது என்று தோன்றியது. தோன்றியதே தவிர, அடுத்த வாரம் அதே மவுஸில் இன்னும் நாலு வாங்கினேன்.

அப்புறம்தான் இந்த இரட்டை அமுக்கு வந்தது. ஸ்விட்ச் தளர்ந்துவிட்டால் ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எப்போதும் சொல்லாது, பத்துக்கு ஒரு தடவைதான் சொல்லும். முழுதாகச் செத்த மவுஸ் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். பத்தில் ஒன்பது தடவை ஒழுங்காக இருப்பதை எப்படித் தூக்கிப் போடுவது? கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு ஓடுகிற சாமானைத் தூக்கிப் போடக் கை வராது. அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். சந்தேகத்துக்குரிய மவுஸை எல்லாம் கடைசி சீட்டுக்கு, அதாவது ஆறாவதுக்கு, மாற்றிவிடுவேன். ஆரம்ப நாளில் வாங்கியதில் மிச்சமிருந்த ஒரே ஒரு நல்ல மவுஸ் என் மேஜையில் இருக்கும். இந்த ஏற்பாட்டை ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியரிங் கவுன்சலிங் ஆன்லைனுக்கு வந்த வருஷங்கள் அவை. அதற்கு முன்பெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேற வேண்டும். இப்போது வேண்டிய காலேஜ்களை வரிசையாகப் பட்டியல் போட்டு, கடைசியில் 'லாக்' என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் முடிந்தது, மாற்ற முடியாது. பட்டியலில் இல்லாத காலேஜ் எத்தனை மார்க் எடுத்தாலும் கிடைக்காது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் எல்லாம் என் கடைக்குத்தான் வருவார்கள். லாக் செய்வதற்கு முன்னால் பட்டியலை மேலிருந்து கீழ்வரை உரக்கப் படித்துக் காட்டுவதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். அம்மா அப்பா பிள்ளை எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் அமுக்குவேன்.

ஆறுச்சாமி தன் மகள் கார்த்திகாவைக் கூட்டிக்கொண்டு வந்தது பட்டியலுக்குக் கடைசி நாள். ஊருக்கு வெளியே சின்னத் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். எந்த நேரமும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசுவார். அன்று பார்த்து மாதாந்திர மின்தடை. யூபிஎஸ்ஸில்தான் கடை ஓடிக்கொண்டிருந்தது, ஐந்து சீட்டிலும் ஆள். ஆறாவதில் உட்காரச் சொன்னேன். கார்த்திகா காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வந்த பத்தையும் தானே ஏற்றினாள். முதல் மூன்றும், ஆறிலிருந்து பத்துவரையும் பெரிய காலேஜ்கள், ஆசைக்குப் போட்டது. அவள் மார்க்குக்குக் கிடைக்கக் கூடியவை நாலாவதும் ஐந்தாவதும்தான். நாலாவது திருச்சிக்கு அந்தப் பக்கம். ஐந்தாவது கோயமுத்தூரில், அந்தக் காலேஜ் பஸ் எங்கள் பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கும்.

ஏற்றி முடித்ததும், "தண்ணி குடிச்சுட்டு வாரேனுங்ணா" என்று அவள் டீக்கடைக்குப் போனாள். ஆறுச்சாமி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங் தம்பி, அந்த நாலாவது எங்கீங் இருக்குது?"

"அது தூரமுங்க. ஹாஸ்டல்லதான் இருக்கோணும்."

"அப்ப அத எடுத்துப்போடுங்க. அவங்கம்மா போனதுக்கப்புறம் ஊட்ல நாங்க ரெண்டே பேருதானுங். அஞ்சாவது கெடச்சாப் போதும், காலைல போனா பொழுதோட வந்துரும். எங்கிட்டச் சண்டைக்கு வருவா, பஸ்ஸுல போறப்ப நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

நான் குனிந்து, நாலாவது வரிக்கு நேரே இருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அமுக்கினேன். ஒரு தடவைதான் அமுக்கினேன், சத்தியமாக ஒரு தடவைதான். நாலாவது மறைந்தது. கீழே இருந்த ஐந்தாவது அந்த இடத்துக்கு ஏறியது. மவுஸ் தானாக இன்னொரு தடவை அமுக்கியது, அதுவும் மறைந்தது. இதெல்லாம் கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. அந்தப் பழைய மானிட்டரில் ஒரு நேரத்தில் ஆறு வரிதான் தெரியும். முன்பும் ஆறு வரி தெரிந்தது, பின்பும் ஆறு வரி தெரிந்தது.

கார்த்திகா திரும்பி வந்தபோது யூபிஎஸ் கத்த ஆரம்பித்துவிட்டது. இன்னும் சில நிமிஷத்தில் எல்லாம் அணைந்துவிடும். "படிச்சுக் காட்டட்டுங்களா?" என்று நின்றபடியே கேட்டேன். ஆறுச்சாமி பதறிப்போய், "ஐயோ, நீங்க பாத்தாப் போதாதுங்களா? அத்தன பேரு காத்திருக்கறாங்க" என்றார். இதுதான் எங்கள் ஊர் வினை. ஒருத்தரை நம்பி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு மறுபடி சரிபார்க்கச் சொன்னால் அவரை அவமதித்த மாதிரி ஆகிவிடுமாம். எனக்கும் அந்த மரியாதை பிடித்திருந்தது. லாக் செய்வதற்காக அவர் போனுக்கு வந்த ஓடிபி எண்களை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சத்தமாகச் சொன்னார். லாக் ஆயிற்று. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கரண்ட் வந்த பிறகு ஆறாவது சீட்டில் உட்கார்ந்தவர், "என்னங்க இது, ஒண்ண அழிச்சா ரெண்டு போவுது?" என்றார். கையில் இருந்த வேலையை அப்படியே விட்டேன். என் மேஜைக்குப் போய், பிரிண்டுக்காகக் கம்ப்யூட்டரில் சேமித்திருந்த கார்த்திகாவின் பட்டியலைத் திறந்து எண்ணினேன். ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. மறுபடி எண்ணினேன்.

ஆறுச்சாமியின் நம்பர் அந்தப் படிவத்திலேயே இருந்தது. கோயமுத்தூரில் உதவி மையம் ஒன்று இருந்தது. உக்கடத்தில் இறங்கி இன்னொரு பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் போயிருக்கலாம். போயிருந்தால் ஏதாவது வழி இருந்ததோ இல்லையோ, தெரியாது. நான் போகவில்லை, போனும் செய்யவில்லை. மேலே இருக்கும் பெரிய காலேஜ் எதுவாவது விழுந்தாலும் விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடையின் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

அடுத்த வாரம் இடம் கிடைத்தவர்களின் பட்டியல் வந்தது. கார்த்திகாவுக்கு ஒன்றும் வரவில்லை. அவளைவிட மார்க் குறைந்த தோழிக்கு அந்தக் கோயமுத்தூர் காலேஜ் கிடைத்திருந்தது. கார்த்திகா தனியாகக் கடைக்கு வந்து, மடிப்பு விழுந்த அந்தத் தாளை என் மேஜையில் விரித்தாள்.

"ஏனுங்ணா, இதுல நாலாவதும் இல்லீங், அஞ்சாவதும் இல்லீங்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "அப்பாவக் கேட்டேன். ஆமா அம்மணி, தூரமுன்னு நாந்தான் எடுக்கச் சொன்னேன், ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்றாரு. ரெண்டு இல்லாம இருக்குதுங்ணா. நாந் தண்ணி குடிக்கப் போனப்ப அவருதான எடுக்கச் சொன்னாரு? நெசத்தச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல நான்கு சொல் போதும். என் நாக்கு இரண்டு சொல்லோடு நின்றது. "ஆமா கண்ணு" என்றேன்.

அவள் தாளை மடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். கவுன்சலிங்கின் அடுத்த சுற்றுக்கு வரச் சொல்லி ஆறுச்சாமி கெஞ்சியதாகவும், "படிக்க வேண்டாமுன்னு நெனச்சவரு எதுக்கு இப்பக் கூப்பிடறீங்க?" என்று அவள் கேட்டதாகவும் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். பிறகு அன்னூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை.

ஆறுச்சாமி மட்டும் கடைக்கு வந்துகொண்டே இருந்தார். தோப்பில் தேங்காய் வெட்டு நடந்தால் நாலு இளநீரை என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் போவார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். ஒரு நாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மக எங்கூடப் பேசறதே இல்லீங் தம்பி. போன் பண்ணுனா மாப்பிள்ளைகிட்டக் குடுத்துருது. ஒரு காலேஜ எடுத்ததுக்கா இத்தன கோவம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் நான்தான். அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "சரியாயிருமுங்க" என்றேன். அன்று அவர் வைத்த இளநீரை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. அது அங்கேயே கிடந்து ஓடு வறண்டு போயிற்று.

இப்போது அந்தப் பிரவுசிங் சென்டர் இல்லை. மாடிப்படிக்குக் கீழே செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். பிள்ளைகள் அவரவர் போனிலேயே பட்டியல் போட்டு அவரவரே லாக் செய்துகொள்கிறார்கள். பெற்றவர், பிள்ளை, கடைக்காரன் மூன்று பேரும் ஒரே திரைக்கு முன்னால் தலையைக் கொடுத்து, காலேஜ் பேரை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்த அந்த வழக்கம் போய்விட்டது. என்னைப் போல ஆள் இருந்தால் அது போனதே நல்லது என்றும் சில சமயம் நினைப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறுச்சாமி தோப்பில் மயங்கி விழுந்து இறந்துபோனார். சேதி கேட்டுப் போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்த தேங்காய் வியாபாரி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த வெட்டுக்குக் காய் சிறுத்துப்போச்சு, பாத்து வெல கேளுங்கன்னு அவரே சொல்லுவாருங்க. வாங்கறவனுக்குத் தெரியாத குத்தத்த விக்கறவனே சொல்லி ஆருங் பாத்திருக்கறாங்க?" சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாக் கதையிலும் அவர் தனக்கு நஷ்டமாகிற உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்த்திகா இடுப்பில் குழந்தையோடு வீட்டு நடையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்தாள். "வாங்ணா" என்றாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எடுத்துட்டேன் அம்மணி, எம்மேல தப்புதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டுருப்பேனுங்ணா. கடைசி வரைக்கும் ஒண்ணுதான்னு பொய்யே சொன்னாரு."

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். பின்னால் மாலையோடு ஆட்கள் வந்தார்கள், நான் வழிவிட்டு ஒதுங்கினேன். ஒதுங்கியவன் அப்படியே வாசலுக்கு வந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அன்னூர் அப்படி ஒன்றும் தூரம் இல்லை. ஆனாலும் இந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. கிணத்துக்கடவில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் ஆறுச்சாமியைப் பொய் பேசத் தெரியாத மனுசன் என்பார்கள், அவர் மகளைத் தவிர.